எலுமிச்சை, ஆப்ப சோடா, நாயகம்

ஜனவரி 20, திங்கள்

கோமதிநாயகம் வந்து இறங்கிவிட்டான். ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை, ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். இவ்வளவு எதற்கு என்றேன்.

"புளியங்குடி பழம்ணே. உலகுக்கு வாய் சவசவன்னு இருக்குன்னு போன்ல சொன்னாள்லா."

என்னிடம் சொல்லவில்லை.

கம்பெனி ப்ளான்ட்டில் லாக் புக் எழுதிப் பழகிய கை இது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உலகம்மாள் என் மனைவி. ஆறாம் மாதம். நாயகம் அவளுடைய தாய்மாமன் மகன். ஒரு தனியார் வங்கியில் வேலை கிடைத்து, ஓசூரில் ஒரு மாதம் பயிற்சி. முடிந்ததும் தென்காசிக் கிளைக்குப் போய்விடுவான். "நம்ம வீடு இருக்கும்போது லாட்ஜ் என்னத்துக்கு" என்று உலகு முடிவு செய்துவிட்டாள். நம் வீடு என்பது ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு அடுப்படி, ஒரு கக்கூஸ்.

முறைப்படி அவன் எனக்குத் தம்பியாம். என் மனைவியைக் கட்டியிருக்கக்கூடியவன் எனக்கு உடன்பிறப்பு என்று எந்தப் புண்ணியவான் கணக்குப் போட்டானோ தெரியவில்லை. எங்கள் கல்யாணப் பந்தியிலேயே யாரோ ஒரு பெரியவர் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நாயகத்துக்குன்னு வச்சிருந்த பிள்ள" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாயகமும் சிரித்தான். நான் பாயசத்தைக் குடித்தேன்.

பிப்ரவரி பதினாறு வளைகாப்பு. அது முடிந்தால் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம். உலகுக்கு அம்மா இல்லை. மாமா வீட்டில் வளர்ந்தவள். அவளுக்குத் தாய்வீடு என்றால் அதுதான், அதாவது இவன் வீடு. ஓசூரில் இல்லாத ஆஸ்பத்திரியா, இங்கேயே இரு என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "பாப்போம்" என்கிறாள்.

ஜனவரி 22, புதன்

கக்கூஸுக்குள் போன நாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"அண்ணே, உள்ள என்ன வாடை? கண்ணு எரியுது."

"ஆசிட்."

எங்கள் கம்பெனியில் முலாம் பூசும் வேலை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பகுதி என் பொறுப்பு. அங்கே ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கேன் கேனாக வரும். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பழைய பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவேன். இந்த ஊர் போர்வெல் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்தது போல இருக்கும். ஒரு வாரம் விட்டால் பீங்கான் முழுக்க மஞ்சளாக ஏடு கட்டிவிடும். அதற்கு ஆசிட்தான் மருந்து. ஊற்றினால் உடனே போகும். உடனே போகாத எதுவும் எனக்கு ஆகாது.

"யாரு கழுவுதா?"

"உலகுதான். ஞாயித்துக்கிழமை."

நாயகம் என்னைப் பார்த்தான். பிறகு அடுப்படியில் நின்ற உலகைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

உலகு சாயங்காலமும் வாந்தி எடுத்தாள். சிலருக்கு ஆறாம் மாதம் வரைக்கும் மசக்கை இருக்கும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 25, சனி

வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே சிரிப்புச் சத்தம். ஹாலில் ஆள் இல்லை. அடுப்படியில் இல்லை. சத்தம் கக்கூஸ் பக்கமிருந்து வந்தது.

நாயகம் லுங்கியை மடித்துக் கட்டி உள்ளே குந்தியிருந்தான். கையில் பிரஷ். உலகு வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் ஆப்ப சோடா டப்பா, வினிகர் பாட்டில், பிழிந்த எலுமிச்சை மூடிகள். ஜன்னல் கட்டையில் அவன் போன் சாய்ந்திருக்க, அதில் ஒரு பெண்மணி சமையலறைப் பொருட்களால் கக்கூஸ் கழுவுவது எப்படி என்று இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் இந்தி தெரியாது.

"இப்பம் பாரு உலகு, எரிமல!" என்று சோடாவின் மேல் வினிகரை ஊற்றினான். புஸ்ஸென்று நுரை பொங்கியது.

"யம்மா, தெறிக்கு! தள்ளி நில்லுங்க அத்தான்!"

அத்தான். கல்யாணமாகி இரண்டு வருடம், எனக்குக் கிடைத்தது 'ஏங்க' மட்டும்தான்.

"நுரை வந்தா சுத்தமாயிடுமா?" என்றேன். "வினிகர் ஆசிட். சோடா அதுக்கு எதிரி. ரெண்டும் அடிச்சுக்கிட்டுச் செத்துப்போகும். மிச்சம் உப்பும் தண்ணியும். அதுதான் நம்ம போர்லயே வருதே."

சரியான பதில். ப்ளான்ட்டில் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். இங்கே சிரிப்பு நின்றதுதான் மிச்சம்.

"அப்படியாண்ணே?" என்றான் நாயகம். கோபமே இல்லை அவனுக்கு. "அப்பம் எப்படிச் செய்யணும்?"

"தனித்தனியா. முதல்ல புளிப்பு. கறை மேல நல்லா ஊற விடணும். புளிச்ச மோர்ல பழைய துணிய நனைச்சு ஒட்டிவச்சாலே போதும். அது இளக்கினதுக்கு அப்புறம் சோடா போட்டுத் தேய்க்கணும்."

"இது நல்லாருக்கே. இந்தாங்கண்ணே." பிரஷை என்னிடம் நீட்டினான்.

நான் வேலை முடிந்து வந்தவன். முகம் கழுவப் போய்விட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

உலகு இரண்டு நாளாக வாந்தி எடுக்கவில்லை. தற்செயல்.

ஜனவரி 30, வியாழன்

நான் சொன்ன முறையையே செய்கிறான். பயிற்சி முடிந்து வந்ததும் பழைய வேட்டியைக் கிழித்து, புளித்த மோரில் முக்கி, கறை மேல் ஒட்டிவைக்கிறான். பிறகு உலகைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறான். டாக்டர் நடக்கச் சொன்னாராம். என்னையும் கூப்பிட்டார்கள். கால் வலி என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருமுனை வரைக்கும் தெரியும். அவன் அவள் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டு போகிறான். ரோட்டைப் பார்த்து நடந்தால் என்ன?

திரும்பி வந்து துணியை உரித்து, சோடா போட்டுத் தேய்த்தான். ஏடு கட்டியிருந்தது பாதி போய்விட்டது.

கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் ரத்னம்மாவிடம் உலகு சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க அத்தான் கைபட்டு கக்கூஸ் கோயில் மாதிரி ஆயிட்டு."

முறை என்னுடையது. பேர் அவனுக்கு.

பிப்ரவரி 2, ஞாயிறு

இதில் ஒரு தெளிவு வேண்டும் என்று நானே இறங்கினேன். ப்ளான்ட்டிலிருந்து புளிப்பை அளக்கும் பி.ஹெச். தாள் கொண்டுவந்திருந்தேன். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், புளித்த மோர், வினிகர் நான்கையும் டம்ளரில் வைத்துச் சோதித்தேன். எலுமிச்சை முதலிடம். அதில் கல்லுப்பு சேர்த்தால் தேய்க்கும்போது உரசலும் கிடைக்கும். கோட்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

"டம்ளர் எல்லாத்தையும் கக்கூஸுக்கு எடுத்துட்டீயளா? காப்பி எதுல குடிக்க?" என்று உலகு ஹாலிலிருந்து கேட்டாள். நாயகம் வாயைத் திறக்காமல் கொடுப்புக்குள் சிரித்தான்.

சாறை ஊற்றினேன். தேய்த்தேன். போகவில்லை. இன்னும் ஊற்றினேன். தேய்த்தேன். கல்லுப்பு கையை அறுத்தது. பீங்கானின் பின்பக்க வளைவில் இருக்கும் பழைய ஏடு அப்படியே இருந்தது. பிரஷின் தலை கழன்று தண்ணீருக்குள் விழுந்தது. அதை எழுத விரும்பவில்லை.

"ஊற விடணும்னு நீங்கதான சொன்னீய?" என்றாள் உலகு.

"எலுமிச்சைக்குத் தேவையில்ல."

"நேரம் குடுக்கணும்ணே. அதும் பாவம், சின்னப் பழம்தான" என்றான் நாயகம்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் சொல்லாத ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தபோது கேன்டீனில் நான் எவ்வளவோ ஜோக் சொல்லியிருக்கிறேன். அப்போது சிரித்தாள்தான்.

பிப்ரவரி 5, புதன்

ப்ளான்ட்டில் ஒரு சாம்பிளை இரண்டு தடவை தப்பாக அளந்தேன். சூப்பர்வைசர் பசவராஜ், "வீட்ல பிரச்னையா?" என்று கேட்டார். வீட்டில் கக்கூஸ் பளிச்சென்று இருக்கிறது, அதுதான் பிரச்சினை என்று சொல்ல முடியுமா?

பிப்ரவரி 8, சனி

இன்று ஸ்கேன். நான்தான் கூட்டிப்போவதாக இருந்தது. நைட் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள், பகலில் தூங்கணும் என்று சொன்னேன். மாற்றவில்லை. நாயகம் கூட்டிப்போனான்.

அவர்கள் ஆட்டோ ஏறியதும் ஆசிட் பாட்டிலை எடுத்தேன். பின்பக்க வளைவில் இருந்த ஏடு ஒன்றுதான் மிச்சம். அவன் கைக்கு அசையாதது. கொஞ்சமாகத்தான் ஊற்றினேன். சரியாகச் சொன்னால் பாட்டிலில் பாதி. பொங்கிக்கொண்டு கரைந்து ஓடியது. பார்க்கவே திருப்தியாக இருந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் விட்டேன். ஜன்னலைத் திறந்தேன். ஃபேனை வாசலில் திருப்பிவைத்தேன். கடைசியில் நாலு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, மூடிகளைப் பார்வைபடும்படி ஓரமாகப் போட்டேன்.

வந்தார்கள். "உள்ள போய்ப் பாரு, பின்பக்கத்தையும் எடுத்துட்டேன்" என்றேன். "எலுமிச்சை, கல்லுப்பு, அவ்வளவுதான்."

நாயகம் எட்டிப் பார்த்து, "அண்ணே, பாலிஷ் போட்ட மாதிரிலா இருக்கு!" என்றான். பொறாமை இல்லாமல் ஒருத்தன் எப்படி இப்படிச் சொல்ல முடியும்? நடிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

உலகு வாசற்படியைத் தாண்டவேயில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி ரத்னம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே அவள் வாந்தி எடுக்கும் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. பத்து வருடம் ப்ளான்ட்டில் இருந்த மூக்கு.

பிப்ரவரி 9, ஞாயிறு

உலகு படுக்கையை ரத்னம்மா வீட்டிலேயே போட்டுக்கொண்டாள். காலையில் மேலே வந்து வாசலிலேயே நின்றாள். நாயகம் பால் வாங்கப் போயிருந்தான்.

"வளைகாப்பு முடிஞ்சதும் நான் தென்காசிக்குப் போறேன்."

"பாப்போம்னு சொன்ன?"

"பாத்தாச்சு."

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. "அவன் இருக்கான்ல அங்க" என்றேன். "அவன்கூட இருக்கத்தானே போற?"

சொன்ன பிறகு வாய்க்குள் திரும்பப் போகிற சொல் எதுவும் இல்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னை ஒரு பழுதான மோட்டாரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஆமா, அத்தான் இருக்காவ. மாமா இருக்காவ, அத்தை இருக்காவ. அங்க நான் குனிஞ்சு எதையும் தேய்க்க வேண்டாம்." மூச்சு வாங்கினாள். "அத்தான் உக்காந்து கக்கூஸ் கழுவுனதப் பாத்தீய. உங்களுக்குப் பொறாமப்படத் தோணிச்சு. கழுவத் தோணல."

"நேத்து கழுவினேனே."

"ஸ்கேன்ல பிள்ள கைய வச்சு முகத்த மறைச்சிக்கிட்டு இருந்துச்சு. கூட வந்த ஆளுக்கும் காட்டினாவ. அத்தான் பாத்தாவ. நீங்க இங்ஙன ஆசிட் ஊத்திக்கிட்டு இருந்தீய."

படி இறங்கிவிட்டாள்.

நாயகம் பால் பாக்கெட்டோடு வந்து, "அண்ணே, காப்பி போடவா?" என்றான். வேண்டாம் என்றேன். அவன் போட்டான். குடித்தேன். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சல்.

பிப்ரவரி 12, புதன்

ஆசிட் பாட்டிலை ப்ளான்ட்டுக்கே கொண்டுபோய் ஆசிட்டை முறிக்கும் நியூட்ரலைசேஷன் தொட்டியில் ஊற்றினேன். மூடி கசிகிற மாதிரி இருந்தது. அதுதான் காரணம்.

பிப்ரவரி 15, சனி

நாளை விசேஷத்துக்கு ஆட்கள் வருவார்கள் என்று நாயகம் மறுபடியும் கழுவினான். நான் வாழையிலை வாங்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வளைகாப்பு. மாமா சுடலைமுத்து தென்காசியிலிருந்து வேன் பிடித்து ஆட்களோடு வந்தார். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம் எல்லாம் மொட்டைமாடியில். உலகு பச்சைப் பட்டுப்புடவை. முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். நான் சந்தனம் தடவும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் கக்கூஸைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வாடகை வீடாட்டே இல்லியே" என்றார்கள். அத்தை என்னிடம், "மாப்பிள்ள சுத்தக்காரரு" என்று சொல்லித் தோளைத் தட்டினாள். நான் மறுக்கவில்லை. நாயகமும் மறுக்கவில்லை. அவன் அந்தப் பக்கமாகத் திரும்பி இலை எடுத்துக்கொண்டிருந்தான்.

மதியம் வேன் கிளம்பியது. அவனுக்கும் பயிற்சி முடிந்துவிட்டது. டிரைவர் பக்கத்து சீட்டில் நாயகம், நடுவில் உலகு. அவள் வளையல் குலுங்கும் சத்தம் கதவைச் சாத்தும் வரைக்கும் கேட்டது.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. வருவேன் என்று அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

சாப்பிட்டேன். நேரத்துக்கு இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நான் ஒருவன்தான் இருக்கிறேன், ஆனாலும் கறை படிகிறது. தண்ணீருக்கு யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. இதுவரை அது தானாகச் சுத்தமாக இருந்தது போல ஒரு நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறது. அதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை.

ஃபிரிட்ஜில் அவள் உறை ஊற்றிவைத்துப் போன தயிர் புளித்துப்போய்க் கிடந்தது. கடைந்து மோராக்கினேன். என் பழைய பனியனைக் கிழித்து முக்கி ஒட்டினேன். உடனே எடுத்துத் தேய்க்கக் கை பரபரத்தது. வீட்டில் இருந்தால் எடுத்துவிடுவேன் என்று பூட்டிக்கொண்டு வெளியே போனேன். இன்று எனக்கு லீவு. ஆனாலும் ப்ளான்ட்டுக்குப் போய் வேறு ஒருவனுடைய ஷிப்டைப் பார்த்தேன். பசவராஜ் என்னை விநோதமாகப் பார்த்தார்.

வந்து துணியை உரித்தேன். குந்தி உட்கார்ந்து சோடா போட்டுத் தேய்த்தேன். ஏடு மாவு மாவாக வந்தது. தொடை பிடித்துக்கொண்டது. இடுப்பு விண்ணென்று தெறித்தது. எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. என் வயிற்றில் பிள்ளையும் இல்லை.

வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. காட்ட ஆள் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

உலகுக்கு அனுப்பலாம் என்று கக்கூஸைப் போட்டோ எடுத்தேன். அவசரத்தில் 'சுடலைமுத்து இல்லம்' என்கிற குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அழிப்பதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள்.

மாமா: "மாப்ளே இது யாரு வீட்டு கக்கூஸ்?"

அத்தை கும்பிடுகிற கை போட்டிருந்தாள். நாயகம் கைதட்டுகிற பொம்மைகளை வரிசையாகப் போட்டு, "அண்ணே நம்பர் ஒன்" என்று எழுதியிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

உலகு பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

போனில் பேசினோம். கால் வீங்கியிருக்கிறதாம். நாயகம் வெந்நீர் போட்டுக் கொடுத்தானாம். நான் வந்து பார்க்கிறேன் என்றேன். "வாங்க" என்றாள். 'வாங்களேன்' இல்லை, 'வாங்க'. இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தை யோசித்துக்கொண்டே சோறு வடித்தேன். குழைந்துவிட்டது.

மார்ச் 8, சனி

தென்காசி. பஸ்ஸிலிருந்து இறங்கி மாமா வீட்டுத் தெருவுக்குள் திரும்பினால், வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய லோடு வண்டியின் முன் சீட்டில் உலகு உட்கார்ந்திருக்கிறாள். மூக்கில் முந்தானை. வயிறு இன்னும் பெரிதாகியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"இங்க ஏன் உக்காந்திருக்க?"

"நீங்க வாரீயள்லா, அதான்" என்றாள். கண் கலங்கிச் சிவந்திருந்தது. வாந்தி எடுத்திருக்கிறாள்.

புரியவில்லை. அதற்குள் அத்தை வாசலுக்கு ஓடிவந்தாள். "வாங்க மாப்பிள்ள! மாப்பிள்ள வாராவன்னு விடியக்காலம் எந்திச்சு, ரெண்டு பாட்டில் ஆசிட்ட ஊத்தி கக்கூஸ் பாத்ரூம் அம்புட்டையும் தேச்சு வச்சிருக்கேன். அன்னைக்கு போட்டோ போட்டீயள்லா, அதப் பாத்து எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. இந்தப் பிள்ளதான் வாடைய தாங்க மாட்டேங்கா."

நான் பையை லோடு வண்டியிலேயே வைத்தேன்.

"அத்தை, வீட்ல ஆப்ப சோடா இருக்கா?"

"ஆப்பமா? சாயங்காலம் சுட்டுத் தாரேன் மாப்பிள்ள, முதல்ல காப்பி குடிங்க."

"ஆப்பம் வேண்டாம். சோடா. இருக்கிறது அவ்வளவும்."

பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன். இந்த முறை வாடை எனக்கே தெரிந்தது. ஜன்னல் பெயின்ட் பூசியதில் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது. குத்தித் திறந்தேன். தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு தரை, சுவர், மூலை எல்லாம் ஊற்றினேன். பிறகு சோடாவைத் தூவினேன். தரையில் அங்கங்கே பொரிந்தது. ஆசிட் மிச்சம் இருக்கிற இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். பொரிகிறது நிற்கும் வரைக்கும் தேய்த்தேன். அவசரப்படவில்லை. அவசரப்பட முடியாது, மறுபடியும் பொரியும்.

மாமா கொல்லைப்பக்கம் வந்து பதறினார். "மாப்ளே! என்ன காரியம் பண்ணுதீய? வெளிய வாங்க. மருமகன் வந்த வீட்ல கக்கூஸ் கழுவுனாருன்னு தெருவுல சொன்னா நான் எங்ஙன முழிக்க?"

"ஆயிடுச்சு மாமா. கொஞ்சம் நேரம்."

"ஏட்டி, நீயாவது சொல்லேன்!"

உலகு வண்டியிலிருந்து இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்திருந்தாள். கதவுக்கு வெளியே அவள் வளையல் சத்தம் கேட்டது.

"இருக்கட்டும் மாமா" என்றாள்.

மாமா தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் தேய்த்தேன். அவள் போகவில்லை.

"அந்த போட்டோல இருந்தது ஆசிட்டா, மோரா?"

"மோர். நீ உறை ஊத்தி வச்சிருந்த தயிர்."

"எம்புட்டு நேரம் ஊற விட்டீய?"

"ஞாயித்துக்கிழமை ப்ளான்ட்டுக்குப் போய் ஒரு முழு ஷிப்ட் பாத்துட்டு வர்ற வரைக்கும்."

"ஞாயித்துக்கிழம லீவுலா உங்களுக்கு?"

"வீட்ல இருந்தா எடுத்துருவேன்."

கதவிடுக்கில் அவள் பாதம் மட்டும் தெரிந்தது. வீங்கித்தான் இருந்தது.

"ஓசூருக்கு வருவியா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

"பிள்ளைக்கு மூணு மாசம் ஆகட்டும். நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க."

கேட்டது சரியாகக் காதில் விழுந்ததா என்று இன்னொரு தடவை கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மூலையில் இன்னும் கொஞ்சம் பொரிந்துகொண்டிருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை லீவு என்றாலும் வங்கியில் ஏதோ வேலை என்று போயிருந்த நாயகம் சீக்கிரமே வந்துவிட்டான். இன் செய்த சட்டையோடு கொல்லைக்கு வந்து, விஷயத்தைக் கேட்டு, சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தான். "தள்ளுங்கண்ணே, நீங்க பஸ்ல வந்த அலுப்பு. நான் முடிச்சிருதேன், குடுங்க." கையை நீட்டினான்.

கொடுக்கவில்லை.

அத்தை அடுப்படி வாசலில் நின்று இன்னமும் புலம்பிக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ள வாராவன்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன், இப்படி ஆயிட்டே. அடுத்த தடவ என்னத்த வச்சிக் கழுவணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுக்கச் சொல்லுட்டி."

"இனிமே அவிய வாராவன்னு ஒண்ணும் கழுவாதீங்க அத்தை" என்றாள் உலகு. "அவிய வந்து கழுவிக்கிடுவாவ."

நாயகம்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். சிரிக்கட்டும். பிரஷ் என் கையில் இருந்தது.